வட சென்னையில் வீடு வாங்க: எந்தத் தெரு, எந்தக் காற்று, எந்தத் தண்ணீர்

திருவொற்றியூரில் எனக்கு வீடு காட்டிய புரோக்கர்கள் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரச் சொன்னார்கள். எனக்கு லீவு நாள் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்து வீடு பார்த்த பிறகுதான் சங்கதி புரிந்தது. அந்த நேரத்தில் கடற்காற்று ஊருக்குள் நன்றாக ஏறியிருக்கும். மணலிப் பக்கத்து வாசனை மேற்கே ஒதுங்கியிருக்கும். கன்டெய்னர் லாரிகள் குறைவு. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் இல்லை, அதனால் அந்தப் பேச்சே எழாது. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "பாருங்க சார், கடல் தெரியுது" என்பார்கள். தெரியும்தான்.

அதே வீட்டு வாசலில் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று இருக்கும்.

நான் ராயபுரத்தில் பிறந்தவன். தண்டையார்பேட்டையில் ஒன்பது வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, ஒன்றரை வருஷம் அலைந்து திருவொற்றியூரில் வாங்கினேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களும், தாம்பரம் வேளச்சேரிப் பக்கம் விலை கட்டுப்படியாகாமல் வடக்கே திரும்புகிறவர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எது நல்ல ஏரியா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே தண்டையார்பேட்டையில் மழைக்கு முட்டிக்கால் தண்ணீர் நிற்கும் தெருவும் உண்டு, அங்கிருந்து இருநூறு அடி தள்ளி செருப்பு நனையாத தெருவும் உண்டு. இங்கே தெருத்தெருவாகத்தான் வீடு தேட வேண்டும். நான் தேடிய வரிசையிலேயே சொல்கிறேன், கூடவே நான் சறுக்கிய இடத்தையும்.

முதலில் மூன்று பட்டைகள்

மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு வட சென்னையை வடக்குத் தெற்காக மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடலுக்கும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் ஒட்டியது முதல் பட்டை: ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர். ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும் ஓடுகிற நடுப்பட்டை இரண்டாவது: கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, மணலி புதுநகர். மூன்றாவது மேற்குப் பட்டை: பெரம்பூர், மூலக்கடை, மாதவரம், கொளத்தூர்.

முதல் பட்டை பழைய ஊர். 400, 500 சதுர அடி மனையில் மூன்று மாடி எழும்பியிருக்கும். கார் விட இடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, எம்.சி. ரோடு துணிக்கடை, காசிமேட்டு மீன் எல்லாம் கைக்கெட்டும் தூரம். நடுப்பட்டையில் விலை இறங்கும், வெள்ளமும் லாரியும் ஏறும். மேற்குப் பட்டையில் மனை பெரிது, தெரு அகலம், விலையும் அதற்கேற்ற மாதிரி. கடல் கிடையாது. சிலருக்கு அதுவே நிம்மதி.

இன்னொரு விஷயம். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் 2011 வரை தனி நகராட்சிகள். அந்த வருஷம்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதனால் பழைய மாநகராட்சித் தெருவுக்கு இருக்கும் வசதி இங்கெல்லாம் ஒரே சீராக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள். "சாக்கடை வந்துடுச்சு சார்" என்றால் தெருவுக்கு வந்ததா, வீட்டுக்கு வந்ததா என்று இரண்டாவது கேள்வியும் கேளுங்கள்.

போக்குவரத்துக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தபின் முதல் பட்டையின் தலையெழுத்தே மாறிவிட்டது. சென்ட்ரல், அண்ணா சாலை, விமான நிலையம் எல்லாம் ஒரே வண்டியில். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் தாண்டி மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போகிறது. மாதவரத்திலிருந்து மெட்ரோவின் அடுத்த கட்ட வேலை நடக்கிறது. அது வரட்டும், ஆனால் வரப்போகும் ஸ்டேஷனுக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள். தூண் நிற்கிற தெருவில் வாங்கினால் வேலை முடிகிற வரைக்கும் புழுதியும் உங்களுடையதுதான்.

காற்று

இதைத்தான் வெளியூர்க்காரர்கள் தவற விடுகிறார்கள். பகலில் ஒரு தடவை வந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு "அப்படியொன்றும் வாசனை இல்லையே" என்று போய்விடுவார்கள்.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் இருக்கின்றன. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையங்கள், நிலக்கரி, சாம்பல். கொடுங்கையூரில் பல பத்தாண்டுக் குப்பைமேடு, இப்போதுதான் கிளறிப் பிரித்து அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதைவிட, நீங்கள் பார்க்கும் தெரு அவற்றுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆடி மாதம் மேல்காற்று. காலையில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். மணலிக்குக் கிழக்கே இருக்கும் திருவொற்றியூர், எர்ணாவூருக்கு அப்போதுதான் சோதனை. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் எல்லாம் திரும்பி மாதவரம், மாத்தூர்ப் பக்கம் போய்விடும். ஐப்பசிக்கு மேல் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது எண்ணூரின் புகை தெற்கே நகரும். வாடைக்காற்றோடு வாடையும் வரும் என்று எங்கள் தெருவில் சொல்வோம்.

இதை வைத்து நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு வீடு பிடித்துப்போனால் குறைந்தது மூன்று வேளை அங்கே போய் நில்லுங்கள். விடிகாலை ஐந்தரை, ஆறு மணிக்கு ஒரு தடவை. இரவு பத்தரைக்கு மேல் ஒரு தடவை, காற்று அசையாத நேரமாகப் பார்த்து. வார நாள் மதியம் ஒரு தடவை. முடிந்தால் ஆடியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று. மூக்கு மட்டும் போதாது. மாடியில் துணி காயப்போடும் கொடியை விரலால் தடவிப் பாருங்கள். என் தங்கை வீட்டுக்காக எண்ணூர்ப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனபோது, தண்ணீர் டேங்கின் மூடிமேல் சாம்பல் நிறத்தில் மாவு சலித்த மாதிரி ஒரு படலம். வீட்டுக்காரம்மா, "நேத்துதான் கழுவினேன்" என்று பெருமையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

ஆலைகள் பக்கத்தில் இருப்பதன் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். சின்னக் குழந்தையோ, இழுப்பு உள்ள பெரியவரோ வீட்டில் இருந்தால் எர்ணாவூருக்கு வடக்கே விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் போக மாட்டேன். இது என் கருத்து. அங்கே பிறந்து வளர்ந்து சந்தோஷமாக இருக்கும் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

தண்ணீர்: குழாய், போர்வெல், வெள்ளம்

மூன்றும் மூன்று விதமாகப் பார்க்க வேண்டியவை.

குழாய்த் தண்ணீர் இப்போது பரவாயில்லை. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் அளவில் கட்டப்பட்டது. வட சென்னைக்கு அதன் புண்ணியம் நிறைய. ஆனால் மெயின் குழாயில் ஓடுவது வேறு, உங்கள் சம்ப்புக்கு, அதாவது தரையடித் தொட்டிக்கு, வந்து விழுவது வேறு. தண்ணீர் எத்தனை மணிக்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, மோட்டார் போடாமல் வருமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள். தெருவில் காலையில் அடிபம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றால் அதுவே பதில்.

போர் தண்ணீர் கடற்கரைப் பட்டையில் உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய கதை 1969-லேயே கண்டறியப்பட்டது. அளவுக்கு மீறி உறிஞ்சியதால் நல்ல தண்ணீர் இறங்க, கடல் உள்ளே நுழைந்தது. தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகளும் பூமிக்கடியில் குழாய்களும் உண்டு. 2013-இல் அங்கே ஒரு கசிவால் சில தெருக்களின் கிணற்று நீரில் பெட்ரோல் வாசனை வந்தது ஊருக்கே தெரியும். எனவே போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து சோதனைச்சாலையில் கொடுங்கள். அதற்கு முன்பு வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனை: அந்தத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிப் பாருங்கள். நுரைக்காமல் கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் புரிந்துகொள்ளலாம். பாத்ரூம் குழாயின் மூக்கில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் குழாயை மாற்ற மறந்துவிடுவார்கள்.

அப்புறம் வெள்ளம். இதில்தான் தெருவுக்குத் தெரு கணக்கு மாறும். புழல் ஏரி நிரம்பினால் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி வழியாகக் கால்வாயில் வந்து சடையங்குப்பம் அருகே கொசஸ்தலையாற்றில் சேரும். பூண்டி ஏரியைத் திறந்தால் அந்த ஆறே நிரம்பி வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து, கழிமுகத்தில் கடலும் ஏற்றத்தில் இருந்தால் தண்ணீருக்குப் போக வழி இல்லை. மணலி புதுநகர் மூழ்குவது இப்படித்தான். தெற்கே வந்தால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் மூன்றும் நிரம்பி எதிர்த்து வரும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது என்பது சென்னையில் மழை பெய்தது என்பதற்கு இன்னொரு பெயர்.

தெரு நிலவரத்தை யாரிடம் கேட்பது? இஸ்திரி வண்டிக்காரர், தெருமுனையில் பூக்கட்டும் ஆயா, பால் போடுகிறவர். இவர்களுக்கு வீடு விற்க வேண்டிய அவசியம் கிடையாது. காலடிப்பேட்டையில் ஒரு ஆயா எனக்குச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "மழைக்கு இங்க முட்டிக்கால் வரைக்கும் வரும்பா. நாலு மணி நேரத்துல வடிஞ்சிடும். அந்தப் பக்கத்துத் தெருவுல கணுக்கால்தான் வரும், ஆனா மூணு நாள் நிக்கும்." எவ்வளவு வருகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஆயாவிடம்தான்.

நீங்களே பார்க்கவும் வழி உண்டு. வாசல்படியை எண்ணுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இருக்கின்றன. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு இப்போது ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டைத் தரைத்தளத்தில் வாங்காதீர்கள். இன்னொன்று, மின்சார மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் நாலைந்து வீட்டில் மீட்டரைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் காரணம் இல்லாமல் வைத்திருக்க மாட்டார்கள்.

கடல்

கடல் பக்கத்து வீடு என்றால் ஈ.சி.ஆர். மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வட சென்னையில் கடல் கொடுக்கிற கட்சி இல்லை, எடுக்கிற கட்சி. வருஷத்தில் பெரும்பகுதி நாள் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அதைக் குறுக்கே மறித்துவிட்டன. அதனால் தெற்கே மெரினா அகலமாக வளர்ந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மணல் வரத்து இல்லாமல் கரை தேய்ந்தது. தெருக்கள், வீடுகள், எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரம் என்று கடல் விழுங்கிக்கொண்டே வந்தது. இப்போது பாறாங்கல் சுவரும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் பிடித்து வைத்திருக்கின்றன. சில இடங்களில் வளைவுகளுக்கு நடுவே மணல் திரும்பவும் சேர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து "பீச் வந்துடுச்சு" என்று விலை ஏற்றுவார்கள்.

சட்டமும் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பொருந்தும். எண்ணூர்க் கழிமுகம் போல அலை ஏறி இறங்கும் நீர்நிலைகளின் ஓரத்துக்கும் பொருந்தும். நகரப் பகுதியில் ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ ஊர்ப்பக்கமாகத்தான் கட்ட அனுமதி. இன்றைக்கு நிற்கும் வீட்டை வாங்கிவிடலாம். நாளைக்கு இடித்துக் கட்டவோ மாடி எடுக்கவோ போகும்போதுதான் தெரியும். எனவே விரைவுச் சாலைக்குக் கிழக்கே எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே இருக்கும் குப்பங்கள் மீனவர்களின் இடம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் இருப்பது வேறு, நாம் பத்திரம் போட்டுக்கொண்டு போய் உட்காருவது வேறு.

கடல் செய்யும் சின்ன வேலைகளும் உண்டு. கரையிலிருந்து நாலைந்து தெரு உள்ளே வரைக்கும் உப்புக்காற்று ஜன்னல் கிரில்லைத் தின்னும், ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் தின்னும், காங்கிரீட்டுக்குள் போய்க் கம்பியையும் தின்னும். பதினைந்து இருபது வருஷ வீடு என்றால் சன்ஷேடின் அடிப்பாகத்தையும் மாடிப்படியின் அடிப்பாகத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி ஓடும் வரிசையில் நீளமாக விரிசல் இருந்தாலோ, புதுசாகப் பூசி மறைத்த திட்டு தெரிந்தாலோ விரல் முட்டியால் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. சுவரின் கீழ் இரண்டடியில் பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது உப்பு. எத்தனை தடவை அடித்தாலும் உதிரும்.

லாரியும் ரயில்வே கேட்டும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலை, மணலி விரைவுச் சாலை, பொன்னேரி நெடுஞ்சாலை, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டைச் சுற்றியுள்ள ரோடுகள் என்று பிடித்து நிற்கும். இந்த ரோடுகளிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்தால் போதும், தூங்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் குழந்தை தினமும் எங்கே கடக்கும் என்று நடந்தே பாருங்கள். ரயில்வே கேட் இருக்கும் இடத்தில், உதாரணத்துக்குக் கொருக்குப்பேட்டையில், காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை நின்று பாருங்கள். கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் வாழ்க்கையைப் பற்றி நிறைய யோசிக்கலாம்.

பத்திரம்: நான் சறுக்கிய இடம்

காலடிப்பேட்டையில் ஒரு வீடு. நல்ல தெரு, நல்ல தண்ணீர், படி ஏறித்தான் போக வேண்டும். விலை பக்கத்து வீடுகளைவிடக் கணிசமாகக் குறைவு. "ஓனருக்குப் பொண்ணு கல்யாணம், அவசரம்" என்றார் புரோக்கர். 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் பத்திர நகலை வக்கீலிடம் காட்டினேன். அவர் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தார். விற்பனை செய்யப்படுவது மேல்கட்டடம் மட்டும் என்று இருந்தது. அடிமனை கோயிலுடையது. பல வருஷமாக மனை வாடகை கட்டி வருகிறார்கள். பேங்க் லோன் கிடைக்காது, மனை நம் பெயருக்கு வராது. டோக்கனில் 30,000 திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. மீதி வரவே இல்லை.

திருவொற்றியூர் பழைய கோயில் ஊர். கோயில் மனைகள் நிறைய. வக்ஃபு மனைகளும் வட சென்னையில் உண்டு. எனவே டோக்கன் கொடுப்பதற்கு முன்பே, திரும்பவும் சொல்கிறேன், முன்பே, பத்திர நகலை வாங்கி அடிமனையும் சேர்த்துத்தான் விற்கப்படுகிறதா என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். குறைந்தது 30 வருஷத்துக்குப் பாருங்கள். மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். நகர நில அளவைப் பதிவேட்டில், அதாவது டி.எஸ்.எல்.ஆரில், விற்பவர் பெயர் இருக்கிறதா, அந்தச் சர்வே எண் புறம்போக்கு, நீர்நிலை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நடுப்பட்டையில் இது ரொம்ப முக்கியம்.

வாரியத்து வீடுகள் தனிக் கதை. குடிசை மாற்று வாரியம் (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கிய மனையும் வீடும் பல கை மாறியிருக்கும், வெறும் ஒதுக்கீட்டு ஆணையும் பவர் பத்திரமும் மட்டுமே கையில் இருக்கும். வாரியம் ஒதுக்கீடுதாரருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். இல்லை என்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டையில் பழைய வீடுகள் பெரும்பாலும் தாத்தா சொத்து. ஐந்து பிள்ளைகள், மூன்று பெண்கள், ஒருவர் மலேசியாவில். பாகப்பிரிவினை நடந்ததா, எல்லோரும் தங்கள் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா, பெண் வாரிசுகள் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள். "அக்காமாருக்கு அப்பவே நகை போட்டுட்டோம்" என்ற பேச்சு பதிவாளர் அலுவலகத்தில் செல்லாது.

அடுக்குமாடி என்றால்: மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, 8 வீடுகளுக்கு மேல் கட்டினாலோ ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயம். வட சென்னையில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டில் நாலைந்து வீடு கட்டி விற்பதுதான் வழக்கம். அதற்கு ரெரா கிடையாது, கேள்வி கேட்க நீங்கள்தான். பிளானில் எத்தனை மாடி, நிஜத்தில் எத்தனை மாடி என்று எண்ணுங்கள். உங்களுக்கு எழுதித் தரும் யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு, எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கூட்டினால் மனை அளவுக்குள் வருகிறதா என்று கணக்குப் போடுங்கள். மனையைவிட அதிகமாக விற்ற கதையை நான் கேட்டிருக்கிறேன்.

பணக் கணக்கு

பேசிய விலையோடு முடிவதில்லை. தனி வீடு, மனைக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புது அடுக்குமாடி வீட்டை பில்டரிடம் முதல் தடவை வாங்கும்போது 50 லட்சம் வரை முத்திரைத்தாள் 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் அதே 2. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். பலர் மறந்துவிட்டு நோட்டீஸ் வாங்குகிறார்கள். தெருவின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கும் மதிப்பை, பதிவுத்துறை தளத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். பக்கத்துத் தெருக்களின் மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கடைசியாக ஒரு யோசனை, ஊருக்கே புதுசாக இருப்பவர்களுக்கு. பிடித்த தெருவிலோ அடுத்த தெருவிலோ பதினோரு மாதம் வாடகைக்கு இருங்கள். ஒரு ஆடி, ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை கடந்துவிடும். வாடகைக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று மாமனார் சொல்வார். ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ வாடகை போகட்டும், அறுபது லட்சத்தைத் தவறான தெருவில் போடுவதைவிட மேல். அந்தப் பதினோரு மாதத்தில் தெருவே உங்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும். எனக்கு வாய்த்த வீடு எந்தப் புரோக்கரிடமும் வராதது. "அடுத்த மாசம் அந்த மூணாவது வீட்டை விக்கப் போறாங்க, சொல்லி வைக்கவா?" என்று இஸ்திரிக்காரர் சொன்னது.

பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாறுதல், சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு நான்கையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் பாக்கி வைத்திருந்தால் அப்போது வெளியே வரும், அவர் போன் எடுக்கும் காலத்திலேயே பேசி முடித்துவிடலாம். அப்புறம் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, தரையில் உட்கார்ந்திருக்கும் தண்ணீர் மோட்டாருக்கு இரண்டரை அடி உயரத்தில் ஒரு மேடை கட்டி ஏற்றி வையுங்கள். ஐப்பசிக்கு முன்னால்.